தலைமன்னாரிலிருந்து ஹற்றன் வரை: நாங்கள் ஐவர் போன பாதை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா என்னிடம் கேட்டது உடல்நலம் பற்றிய ஒரு பேச்சு. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, எலும்புத் தேய்வு என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அதையெல்லாம் பேசினால் மேசையில் இருக்கும் வடையை ஒருவரும் தொடமாட்டீர்கள் என்று சொல்லி, அவருடைய அனுமதியோடு தலைப்பை மாற்றிக்கொண்டேன். போன ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் வகுப்பைச் சேர்ந்த ஐந்து பேர் ஒரு பிக்கப் வண்டியில் போன இரண்டு நாள் பயணத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பேசுவது வைத்தியர் என்பதால் நடுவில் கொஞ்சம் மருந்தும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐந்து பேர் யார் என்று சொல்ல வேண்டும். வண்டி ஓட்டியது எங்கள் நெட்போல் கப்டன். அன்று மைதானத்தில் எப்படிக் கத்தினாளோ அப்படியேதான் இன்றும் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். அடுத்தவள் வகுப்பு மொனிட்டர். இப்போது கணித ஆசிரியை. எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தவள் அவள்தான். மூன்றாமவள் வங்கி முகாமையாளர். நான்காமவள் ரொறன்ரோவிலிருந்து இருபது வருடம் கழித்து வந்தவள். ஐந்தாவது நான்.

நாங்கள் நுவரெலியாவில் கூடி, கேக் சாப்பிட்டு, குதிரைப் பந்தயத் திடலில் படம் எடுத்துக்கொண்டு பிரிந்திருக்கலாம். ரொறன்ரோக்காரிதான் கேட்டாள். “என்னுடைய மகள் பாடசாலையில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். அப்பா பக்கத்திலும் அம்மா பக்கத்திலும் மூன்று தலைமுறைக்கு மேல் எனக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. நாம் எந்த வழியாக வந்தோம் என்றாவது அவளுக்குக் காட்ட வேண்டும்” என்றாள். அதனால்தான் தலைமன்னாரில் தொடங்கி ஹற்றனில் முடிப்பது என்று தீர்மானித்தோம்.

இந்தப் பாதையை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1820களில் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்கப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். அதைத் தொடர்ந்து மலைகளில் காடு வெட்டவும் கோப்பிப் பழம் பறிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் அழைத்து வரப்பட்டார்கள். கங்காணியின் பின்னால் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள், பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து அரிப்பு, மன்னார், தலைமன்னார்க் கரைகளில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நடை. கண்டிக்கு ரயில் வந்தது 1867 இல், மாத்தளைக்கு 1880 இல், நம் ஹற்றனுக்கு 1884 இல். தலைமன்னாருக்கு ரயில் பாதையும் தனுஷ்கோடிக் கப்பல் சேவையும் 1914 இல்தான் வந்தன. அதற்கு முன் வடக்குப் பாதையால் வந்தவர்களுக்குக் காலே வண்டி.

நாங்கள் ஓகஸ்ட் மாதத்தைத் தேர்ந்தது விடுமுறைக்காக மட்டுமில்லை. கோப்பிப் பழம் பறிக்கும் காலம் தொடங்குவதற்கு முன் மலைக்கு வந்து சேர வேண்டும் என்பதால் பெரும்பாலான கூட்டங்கள் நடந்தது ஆண்டின் இந்தப் பகுதியில்தான். வடகிழக்குப் பருவமழை ஒக்டோபருக்குப் பிறகுதான் வரும். ஆகவே குளங்கள் வற்றிக் கிடக்கும் மாதங்களில், இலங்கையின் ஆக வறண்ட மூலையில் அவர்கள் கால் வைத்தார்கள்.

நம்மைப் போல் மழையிலும் பனியிலும் வளர்ந்தவர்களுக்கு மன்னார் வேறொரு தேசம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காலைக் கூட்டத்தில் நடுங்கி நின்ற நாங்கள், அங்கே காலை ஏழு மணிக்கே நிழல் தேடினோம். சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. பனை, உடை மரம், முட்புதர், உப்புப் படிந்த தரை, தெருவில் தம் பாட்டில் திரியும் கழுதைகள். கரையோரமாக 2020 இல் நிறுவிய காற்றாலைகள் முப்பதும் சுழல்கின்றன. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தைச் சுற்றி ஐந்து பேரும் கைகோத்துப் பார்த்தோம்; பாதிகூடச் சுற்ற முடியவில்லை.

தலைமன்னார்த் துறையில் கொஞ்ச நேரம் நின்றோம். வருவதற்கு இருந்த வழிதான் திரும்பிப் போவதற்கும் ஆனது. 1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. ரொறன்ரோக்காரியின் பெரியம்மா அந்தக் கோச்சியில் போனவர். கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலேயே மறுபடியும் கொழுந்து பறித்தவர். துறையின் விளிம்பில் நின்று தோழி தொலைபேசியில் பெரியம்மாவின் மகளைக் கூப்பிட்டாள். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்து அரிப்பு. ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காகக் கட்டிய மாளிகையின் சுவர்கள் கடல் அரித்து இடிந்து நிற்கின்றன. ஊரார் அதை அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். மன்னாருக்குச் சுற்றுலா வருகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்க்க வருகிறார்கள். அதே கரையில் இறங்கிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு நாங்கள் போன இடத்தில் ஒரு கல்லையும் காணவில்லை.

ஏ-14 வீதி இப்போது நன்றாகக் கார்பட் போட்ட வீதி. அதில் போனால் ஒன்றும் விளங்காது என்று கப்டன் சொல்லிவிட்டாள். ஊர்க்காரர் ஒருவரிடம் வழி கேட்டு, முருங்கனுக்கு அப்பால் பிரதான வீதியை விட்டிறங்கி ஒரு கிறவல் பாதையில் போனோம். இரண்டு ஸ்பெயார் டயர், ஜக், மண்வெட்டி, முப்பது லீற்றர் தண்ணீர், டோர்ச், முதலுதவிப் பெட்டி எல்லாம் ஏற்றியிருந்தோம். கொஞ்சத் தூரத்தில் தொலைபேசியில் சிக்னல் போய்விட்டது. இரு பக்கமும் காய்ந்த காடு. ஒரு சிறிய குளம் வெடித்த சேறாகக் கிடந்தது. நடுவில் முழங்கால் ஆழத்துக்குப் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர். அதில் எருமைகள் படுத்திருந்தன. யானை லத்தி பாதையிலேயே கிடந்தது. ஒரு மணித்தியாலத்தில் எதிரே வந்தது ஒரேயொரு ட்ரக்டர்.

அந்த இடத்தில் கப்டன் வண்டியை மெதுவாகப் பின்னால் ஓட்டிவர, நாங்கள் நால்வரும் இறங்கி மூன்று கிலோமீற்றர் நடந்தோம். மொனிட்டர் நேரம் பார்த்தாள்: நாற்பத்தெட்டு நிமிடம். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் தீர்ந்தது. எங்களுக்குச் சப்பாத்து இருந்தது, தொப்பி இருந்தது, பின்னால் குளிரூட்டிய வண்டியும் இருந்தது.

இனி மருந்து.

இந்தப் பாதையில் இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் சிறுத்தை, யானை, பாம்பு என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அவற்றுக்கும் ஆட்கள் பலியானது உண்மை. ஆனால் பெருந்தொகையாகக் கொன்றது வாந்திபேதி. அடுத்தது மலேரியா, நாங்கள் காட்டுக் காய்ச்சல் என்று சொன்னது. அம்மையும் பசியும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. 1841 முதல் 1848 வரை ஏறத்தாழ 70,000 பேர் இறந்திருப்பார்கள் என்று 1849 இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. அந்த எண்ணைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஒருவரும் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை என்பதால்தான் வாதிட வேண்டியிருக்கிறது.

எருமை படுத்திருந்த குளத்தை நினைத்துப் பாருங்கள். நூறு பேர் கொண்ட கூட்டம் ஒன்று நடந்து வருகிறது. இருக்கும் ஒரே தண்ணீர் அதுதான். ஒருவருக்குப் பேதி என்றால் குளத்தோரத்தில்தான் ஒதுங்குவார். நாளைக்கு வரும் கூட்டமும் அதே குளத்தில்தான் குடிக்கும். வாந்திபேதி தண்ணீரால் பரவுகிறது என்று லண்டனில் ஜோன் ஸ்னோ காட்டியது 1854 இல். கிருமியை ரொபர்ட் கொக் இனங்கண்டு சொன்னது 1884 இல். மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ரொஸ் கண்டுபிடித்தது 1897 இல். நடந்தவர்களுக்கு எதனால் சாகிறோம் என்றே தெரியாது. அழைத்து வந்தவர்களுக்கும் தெரியாது. ஆனால் நல்ல தண்ணீரும் படுக்க இடமும் இல்லாமல் மனிதரை வறண்ட காட்டில் பல நாள் நடக்க வைத்தால் சாவார்கள் என்பதற்கு நுணுக்குக்காட்டி தேவையில்லை. தங்குமடங்களும் கிணறுகளும் மருந்தும் இந்தப் பாதைக்குப் பிந்தித்தான் வந்தன.

கடுமையான வாந்திபேதியில் ஒருவர் மணிக்கு ஒரு லீற்றர் வரை நீர் இழக்கலாம். வைத்தியம் இல்லாவிட்டால் அப்படிப் பட்டவர்களில் பாதிப் பேர் வரை இறந்துபோவார்கள். இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இறக்கமாட்டார். 1971 இல் வங்காளதேசப் போரின்போது, பொன்காவ் அகதி முகாமில் சேலைன் தீர்ந்துபோன நிலையில், டொக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து அதை உலகுக்குக் காட்டினார். எங்கள் முதலுதவிப் பெட்டியிலும் அதுதான் இருந்தது: நீங்கள் எல்லோரும் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுத்திருக்கும் ஜீவனி. பக்கெட் இல்லாவிட்டால், கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றரில் தேக்கரண்டியால் மட்டமாக ஆறு சீனி, அரை உப்பு. இதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? எங்கள் அப்பாயி ஒரு கதை சொல்வார். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வார். எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். அப்பாயியின் அப்பாயி தாது வருசப் பஞ்சத்தில், ஏழு வயதில், அம்மா அப்பா அண்ணனோடு நடந்து வந்தவர். காட்டில் அண்ணனுக்குப் பேதி கண்டது. ஒரு நாள் அப்பா தூக்கிக்கொண்டு நடந்தார். மறுநாள் கூட்டம் நிற்காது என்று கங்காணி சொல்லிவிட்டார். ஒரு மரத்தடியில் அண்ணனைப் படுக்க வைத்து, பக்கத்தில் சிரட்டையில் தண்ணீர் வைத்துவிட்டு வந்தார்கள். “கண்ணு தொறந்துதான் இருந்துச்சாம்” என்பார் அப்பாயி. அதற்கு மேல் சொல்லமாட்டார்.

சின்ன வயதில் அந்த அம்மா அப்பா மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு பிள்ளையை எப்படி விட்டுவிட்டு வர முடியும்? அந்தக் கிறவல் பாதையில் நின்றபோதுதான் அவர்களுடைய கணக்கு எனக்கு விளங்கியது. அங்கே நின்றால் மற்றப் பிள்ளையும் போய்விடும். பக்கத்தில் ஊர் இல்லை, மொழி தெரியாது, திரும்பிப் போகவும் வழியில்லை. சிரட்டையில் தண்ணீரும் வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் உப்பும் வெல்லமும் கலந்து, மடக்கு மடக்காகக் கொடுத்துக்கொண்டே இரண்டு நாள் ஓரிடத்தில் தங்க முடிந்திருந்தால், ஒருவேளை அந்த அண்ணன் பிழைத்திருப்பார். நண்பிகளிடம் இதைச் சொன்னேன். மொனிட்டர் கொப்பியை மூடி வைத்துவிட்டாள்.

மதவாச்சியில் ஏ-9 வீதிக்கு ஏறினோம். மிகிந்தலை, மரதன்கடவலை, தம்புள்ளை. இந்தப் பெயர்களைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எங்களுக்கு ஒன்பதாம் வகுப்புக் கல்விச் சுற்றுலா. அநுராதபுரத்துக்கு பஸ்ஸில் போனோம். பின் ஸீட்டில் இருந்து தொண்டை கட்டும்வரை பாடினோம். டீச்சர் புளிச்சாதப் பொட்டலம் தந்தார். தாதுகோபங்களின் உயரத்தைக் குறித்துக்கொண்டோம். போன வீதியின் பெரும் பகுதி நம் சொந்தப் பாட்டிமார் நடந்த தடம் என்று எங்களுக்குத் தெரியாது. டீச்சருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஹொஸ்டலில் சிலர் விலாசம் எழுதும்போது தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு டவுனின் பெயரை மட்டும் எழுதுவார்கள். லயத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடக் கூடாது என்ற பயம். இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்கு அந்தப் பயம் தெரியும்.

மதவாச்சி தாண்டி ஒரு சின்னக் கடையில் தெம்பிலி குடித்தோம். கடைக்கார அம்மா சிங்களப் பெண். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். சொன்னோம். “2023 இல் இப்படித்தான் ஒரு கூட்டம் நடந்து வந்தது. நாங்கள் தண்ணீர் கொடுத்தோம்” என்றார். மலையகம் 200 ஐ நினைவுகூர்ந்து அந்த வருடம் ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 இல் மாத்தளையில் முடிந்த நடைபயணத்தைத்தான் சொன்னார். தெம்பிலிக்குக் காசு வாங்க மறுத்தார். வங்கி முகாமையாளர் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டாம் நாள் நாலந்தாவைத் தாண்டியதும் காற்று மாறியது. எங்கள் உடம்புக்குத் தெரிந்த காற்று. மாத்தளையில் முத்துமாரியம்மனைக் கும்பிட்டோம். தோட்டத்துக்குத் தோட்டம் நம் ஆட்கள் மாரியம்மன் கோயிலை ஏன் கட்டினார்கள் என்று இப்போது எனக்கு விளக்கம் தேவையில்லை. அம்மையும் பேதியும் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் வேறு யாரிடம் நன்றி சொல்வார்கள்? கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக, விளக்கு வைக்கும் நேரத்தில் ஹற்றன். அவர்கள் நாள் கணக்கில் நடந்ததை நாங்கள் இரண்டு நாளில், சாப்பாட்டுக்கும் படம் எடுக்கவும் நின்று நின்று வந்துவிட்டோம்.

இது பழைய கதைதானே என்று நினைப்பீர்கள். என் வேலை இந்த மலைகளில்தான். பிரசவத்துக்கு வரும் தாய்மாரிடம் நான் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்பதில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்கிறேன். மேல் டிவிஷனிலிருந்து டவுனுக்கு எட்டுக் கிலோமீற்றர்தான். மழைக் காலத்தில் ஆட்டோவில் ஒரு மணித்தியாலம். ஆட்டோ ஏறாத இடத்தில் கம்பளியில் தூக்கி வருகிறார்கள். இதற்கு ஒரு காரணம் சட்டத்திலேயே இருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்படும் வரை, பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் தம் நிதியைத் தாராளமாகச் செலவிட முடியாமல் இருந்தது. சட்டம் திருந்திவிட்டது. ரோட்டு இன்னும் திருந்த வேண்டியிருக்கிறது. இதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள், தங்கள் பாட்டிமார் என்ன விலை கொடுத்து இங்கே வந்தார்கள் என்று தெரிந்தவர்களாக இருந்தால், கேட்கும் குரல் வேறாக இருக்கும் என்று நான் நம்புகிறேன். கெஞ்சிக் கேட்கமாட்டார்கள்.

ஆகவே நூற்றாண்டு ஆண்டில் சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று, நம் நூலகத்தில் ஒரு பதிவேடு. இங்கே இருப்பவர்களும், லண்டன், மெல்பேர்ன், ரொறன்ரோ, சென்னை என்று எங்கெங்கோ இருப்பவர்களும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், இந்தியாவில் எந்த ஊர், நடந்து வந்தவர் யார், வழியில் விடப்பட்டவர் யார், அழுகைக் கோச்சியில் போனவர் யார். பெயர் தெரியாவிட்டால் ‘அண்ணன்’ என்றே எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். மலையகத்துக்கு வேறு வழியாக வந்த குடும்பங்களும், நம்மோடு படித்த சிங்கள, முஸ்லிம் தோழிகளும் தம் கதையை எழுத வேண்டும். வீட்டில் எண்பது தொண்ணூறு வயதில் யாராவது இருந்தால் இந்த மாதமே உட்கார்ந்து கேளுங்கள். ஒரு வைத்தியராகச் சொல்கிறேன், தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு, ஒவ்வொரு ஓகஸ்டிலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பஸ். அநுராதபுரத்தையும் பார்க்கட்டும், தாதுகோபத்தின் உயரத்தையும் குறித்துக்கொள்ளட்டும். அதோடு தலைமன்னார் வரை போய், கரையில் நின்று, திரும்பும் வழியில் எங்காவது மூன்று கிலோமீற்றர் நடக்கட்டும். முதல் ஆண்டுச் செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. கப்டன் ஏற்கெனவே பஸ் பேசிவிட்டாள்; சாரதி ஸீட்டில் தானே உட்காருவதாகச் சொல்கிறாள், அதை மட்டும் அதிபர் அவர்கள் தடுக்க வேண்டும்.

பதிவேட்டின் முதல் கொப்பி வாசலில் மேசை மேல் இருக்கிறது. பேனையும் வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகும் வழியில் தோட்டத்தின் பெயரையாவது எழுதிவிட்டுப் போங்கள்.